பிள்ளையார் நோட்டும் பத்து சென்ட் நிலமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாளுக்கு நடுவே ஒரு துண்டு நோட்டீஸ் கிடந்தது. நீங்கள் வைத்தது இல்லை என்று தெரியும். எங்கள் சயான் கோலிவாடாவில் தாள் போடும் பையன் கையில் நூறு ரூபாயைத் திணித்தால் எதை வேண்டுமானாலும் உள்ளே செருகிவிடுவான். "இந்தோனேசியாவின் குளுகுளு மலைக்கிராமத்தில் உங்களுக்கும் ஒரு காப்பித் தோட்டம்! பத்து சென்ட் நாலே லட்சம்! வாழலாம், சம்பாதிக்கலாம், சுற்றிப் பார்க்கலாம்!" என்று போட்டிருந்தது. படத்தில் பச்சைப் பசேலென்று முட்டைக்கோஸ் வயல். வயலுக்குப் பின்னால் ஒரு மலை. மலை உச்சியில் பஞ்சு மாதிரி வெள்ளை மேகம்.

அது மேகம் இல்லை, ஐயா. புகை. அந்த மலையைப் பார்த்தபடி பதினோரு நாள் காப்பி குடித்துவிட்டு வந்தவன் என்பதால் சொல்கிறேன். சினாபுங் என்று பேர். சுமார் நானூறு வருடம் சும்மா கிடந்துவிட்டு 2010 ஆகஸ்டில் கண் விழித்த எரிமலை.

என்னைப் பற்றி இரண்டு வரி. வாஷி மார்க்கெட்டில் உருளைக்கிழங்கு வியாபாரம். சொந்த ஊர் திருநெல்வேலி ஜில்லா. அப்பா மஸ்ஜித் பந்தரில் மூட்டை தூக்க வந்தவர். கிழங்கைக் கையில் எடுத்தால் ஆக்ராவா, இந்தூரா, எத்தனை நாள் கிடங்கில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எழுத வைத்தது என் மச்சினன்.

மச்சினன் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். கணக்குப் பிள்ளைதான் ஏமாறுவான் என்று எங்கள் மார்க்கெட்டில் ஒரு பேச்சு உண்டு. காகிதத்தில் கூட்டல் சரியாக இருந்தால் போதும், நம்பிவிடுவான். போன வருடம் மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கேசரி, போண்டா, காப்பி எல்லாம் உண்டு. டை கட்டிய ஒரு தம்பி மேடையேறி, "ராஜேந்திர சோழன் 1025-இல் கப்பல் படையோடு போன மண் இது, நம் பாட்டன் கால் பட்ட பூமி" என்று ஆரம்பித்தான். கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு இந்தோனேசிய நோட்டை எடுத்து முன் வரிசையில் சுற்ற விட்டான். இருபதாயிரம் ரூபியா நோட்டு. அதில் நம் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார். "முஸ்லிம்கள் அதிகம் வாழும் நாடு, ஆனால் நோட்டில் யார் பாருங்கள்!" என்றான். மச்சினன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டானாம். ஒரு மாதத்தில் நாலு லட்சம் கட்டிவிட்டான். அதில் மூன்று லட்சம் என் தங்கச்சி மாதிரி இருக்கிற அவன் பெண்டாட்டியின் நகையை அடகு வைத்தது.

அந்த நோட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது 1998-இல் வந்த நோட்டு. 2008 டிசம்பர் கடைசியோடு அதைப் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டார்கள். நான் அங்கே மேடானிலும் மலையிலும் காய்கறிக் கடை, பஸ், டீக்கடை என்று மாற்றிய நோட்டுகளில் ஒரு பிள்ளையாரைக்கூடப் பார்க்கவில்லை. செல்லாத நோட்டைக் காட்டி நிலம் விற்றிருக்கிறான் அந்தத் தம்பி.

என் மருமகன் மேடானுக்குப் பக்கத்தில் ஒரு பாமாயில் ஆலையில் இன்ஜினியர். மேடான் சுமத்ரா தீவின் வடக்கில் இருக்கிற பெரிய பட்டணம். போன ஆடியில் பேத்தியைப் பார்க்க நானும் வீட்டுக்காரியும் போனோம். "அப்படியே என் தோட்டத்தையும் பார்த்து, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் அத்தான்" என்று மச்சினன் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரத்தைக் கொடுத்தனுப்பினான். உறையைக் கொடுக்கும்போதே முகத்தில் ஒரு பெருமை. "மேலே பாருங்கள், கருடன் முத்திரை!" என்றான். இந்தோனேசிய அரசு முத்திரையே கருடன்தான், எதில் வேண்டுமானாலும் அது இருக்கும். நம் ஊரில் நாலு சிங்கம் இருந்தால் பட்டா ஆகிவிடுமா?

மும்பையிலிருந்து மேடானுக்கு நாங்கள் கோலாலம்பூர் வழியாகப் போனோம். விசா இறங்குமிடத்திலேயே தருவார்கள், இணையத்தில் முன்கூட்டியும் எடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபியா என்றதும் என் வீட்டுக்காரி அலறினாள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபியா நூற்றெண்பதுக்கு மேல். அதனால் அங்கே எல்லாருமே லட்சாதிபதிதான். முப்பது நாள் தங்கலாம், ஒரு தடவை இன்னும் முப்பது நாள் நீட்டிக்கலாம். ஆனால் அந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. "அதே விசாவில் போய் உங்கள் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ளலாம்" என்று மாட்டுங்கா மேடையில் சொன்னது முதல் பொய்.

மேடானில் இருந்து பெரஸ்தாகி என்ற மலை ஊர் 65 கிலோமீட்டர். வேன் மாதிரி சின்ன பஸ். சிபோலாங்கிட் தாண்டியதும் காதடைக்கும் வளைவுகள். 2024 நவம்பரில் மண் சரிந்து பஸ்ஸில் இருந்தவர்கள் சிலர் செத்துப்போன சாலை அது, மழை நாளில் பகலில் போவது நல்லது. சுமார் 1,300 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டை விடக் கொஞ்சம் தாழ்வு. பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருந்தும் ராத்திரி கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. பெரஸ்தாகியில் பழச்சந்தை, பொன் நிறத்தில் பர்மா பாணிப் பகோடா, குதிரை சவாரி எல்லாம் உண்டு. சுற்றுலாக்காரர்கள் போகட்டும், எனக்கு அதில் ருசி இல்லை. மருமகனோடு வேலை பார்க்கும் ஒரு பையன் அந்த மலைப்பக்கத்துக் கரோ இனத்தவன். அவனுடைய தாத்தா வீடு அங்கிருந்து இன்னும் உள்ளே ஒரு கிராமத்தில். அங்கேதான் தங்கினோம். ஊர் எல்லையிலேயே ஒரு பலகை: விருந்தாளி வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஊர்த்தலைவரிடம் சொல்ல வேண்டும். போய்ச் சொன்னோம், பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார்.

கிழங்கு வியாபாரிக்குக் கிராமம் என்றால் முதலில் கண் போவது கிழங்கு மேல்தான். தாத்தா வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, நடுவே தரையில் மலை மாதிரி உருளைக்கிழங்கு. நாலு பெண்கள், தலையில் மடிப்பு மடிப்பாகத் துணி கட்டிக்கொண்டு, சுற்றி உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேய்த்தேன். உரியவில்லை, முற்றின கிழங்கு. பாக்குவெட்டும் கத்தியால் நடுவே வெட்டினேன். உள்ளே மஞ்சள். கிரானோலா ரகம், நட்டதிலிருந்து நூறு நாளில் வந்துவிடும். மூத்த பெண்மணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு கிழங்கை எடுத்து, அதன் அடியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். பின்கருகல் நோய். வாஷியில் அதே புள்ளியை வைத்து எத்தனை மூட்டைக்கு விலை குறைத்திருப்பேன் என்று ஞாபகம் வந்தது. எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் வரை நான் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அவர்களோடு கிழங்கு பிரித்தேன். மூன்று இடத்தில் அவர் என் கையில் அடித்து, நான் இரண்டாம் தரத்தில் போட்டதை முதல் தரத்துக்கு மாற்றினார். விற்கிறவர் கண் வேறு, வாங்குகிறவன் கண் வேறு.

அங்கே வருடம் பூராவும் ஈரம். அதனால் கருகல் நோய்க்கு மருந்து அடிப்பதும் ஓய்வதில்லை. முதுகில் தெளிப்பான் கட்டிய ஆட்களைக் காலையில் எந்த வயலில் பார்த்தாலும் பார்க்கலாம். மருந்து, விதைக்கிழங்கு, கோழி எரு எல்லாம் கடன். ஆரஞ்சுத் தோட்டங்களில் மரத்துக்கு மரம் பழைய தண்ணீர் பாட்டில் தொங்கும். பழ ஈயைப் பிடிக்கிற பொறி. ஈயின் தொல்லை தாங்காமல் ஆரஞ்சை வெட்டிவிட்டு மிளகாய்க்கும் காப்பிக்கும் மாறினவர்கள் நிறைய. விலை சரிந்தால் தக்காளியைப் பறிக்காமலே விட்டுவிடுகிறார்கள். "வருஷத்துக்குப் பதினெட்டு சதவீதம் நிச்சய வருமானம்" என்று நோட்டீஸில் இருக்கிறதே, அதை அந்தத் தாத்தாவுக்குப் பையனை விட்டு மொழிபெயர்த்துச் சொல்ல வைத்தேன். அவர் பேரனைப் பார்த்து, "இவர் என்ன பயிர் பண்ணுகிறாராம்?" என்று கேட்டார்.

காப்பியில் ஒரு ரகத்துக்கு அங்கே 'சிகாரார் உத்தாங்' என்று பேர். பக்கத்து தோபா பாஷையில் 'கடன் அடைப்பான்' என்று அர்த்தம். சீக்கிரம் காய்க்கும், வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழம் தரும். அதனால் வாரச்சந்தைக்கு எடுத்துப் போய் விற்றுச் சில்லறைக் கடனை அடைத்துவிடலாம். பழத்தை வீட்டிலேயே தோல் உரித்து, ஒரு நாள் காயவைத்து, ஈரம் போகும் முன்னாலேயே வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். நன்றாகக் காயவைக்கும் வரை காத்திருக்கக் கையில் காசு இருக்காது, மழையும் விடாது. சுமத்ராக் காப்பிக்கு உலகத்தில் கிடைக்கிற அந்தத் தனி மண் வாசனைக்கு இந்த ஈரப் பக்குவம் ஒரு காரணம் என்கிறார்கள். இரண்டு கிலோ வாங்கி வந்தேன். மச்சினன் தினமும் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அதைத்தான் குடிக்கிறான். பேருக்கு என்ன அர்த்தம் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் அச்சானால் தெரிந்துகொள்வான்.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன்.

மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் (கெண்டை மீனை மஞ்சள் போட்டுக் குழம்பு வற்றும் வரை வேக வைத்தது, என் வீட்டுக்காரி செய்முறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்) உறையைத் தாத்தா முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நிலம் வாங்கின பத்திரமே இல்லை அது. "இந்த இடம் இன்னாருடைய அனுபவத்தில் இருக்கிறது" என்று ஒரு கிராம அலுவலகம் கொடுத்த கடிதத்தின் ஜெராக்ஸ். அந்தப் பக்கத்தில் பல நிலங்களுக்குச் சரியான பட்டா கிடையாது, இப்படிக் கடிதங்கள்தான் உண்டு. சரி, இடம் எவ்வளவு? ஐந்து ரந்தே. ஒரு ரந்தே என்றால் 400 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்ட். ஆக மொத்தமே ஐம்பது சென்ட். மச்சினனுடைய ரசீதை எடுத்துப் பார்த்தேன். ரசீது எண் 63. ஆளுக்குப் பத்து சென்ட் வீதம் அறுபத்து மூன்று பேருக்கு அறுநூற்று முப்பது சென்ட். இது நான் போட்ட கணக்கு. கணக்குப் பிள்ளைக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அந்த இடத்தைத் தேடிப் போனோம். பக்கத்துக் கிராமம். மூங்கில் ஓடை தாண்டி ஒரு சரிவு. காப்பிச் செடி ஒன்றுகூட இல்லை, முட்டைக்கோஸ் நின்றது. ஒரு அம்மாள் களை எடுத்துக்கொண்டிருந்தார். செத்துப்போன புருஷனின் அண்ணனிடம் குத்தகைக்கு வாங்கிப் பயிர் செய்கிறாராம். இந்த நிலத்தை மும்பையில் விற்றிருக்கிறார்கள் என்று பையன் சொன்னதும் அவர் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "மும்பை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. விற்றவன் நான் இல்லை, ஆனாலும் வெட்கமாகத்தான் இருந்தது.

பையன் விடவில்லை. கபன்ஜாஹேயில், அதுதான் அந்த ஜில்லாத் தலைநகரம், நிலப்பத்திரம் எழுதும் ஒரு நோட்டாரி அம்மாவிடம் கூட்டிப்போனான். அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். இதைத்தான் உங்கள் தாளில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்தோனேசியாவின் நிலச் சட்டம் 1960 செப்டம்பர் 24-இல் வந்தது. அந்த நாளைத்தான் அவர்கள் உழவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்தச் சட்டப்படி முழு உரிமை, அவர்கள் பாஷையில் 'ஹக் மிலிக்', அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்தான். வெளிநாட்டுக்காரன் ஒரு சாண் விவசாய நிலம்கூடத் தன் பேரில் முழு உரிமையாக வாங்க முடியாது. "அதனால்தான் ஜகார்த்தாவில் எங்கள் ஆள் பேரில் வாங்கி, உங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறோம்" என்று மாட்டுங்காவில் சொன்னார்களே, நம் பாஷையில் அதற்குப் பேர் பினாமி. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதற்கும் பதில் வைத்திருக்கிறது. வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ சுற்றி வளைத்தோ உரிமை போகிற மாதிரி செய்த விற்பனை செல்லாது, நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. கடைசி வரியை அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார்.

அதற்கும் மேலே ஒன்று. விவசாய நிலத்துக்குச் சொந்தக்காரன் அந்த நிலம் இருக்கிற வட்டத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று 1961-இல் விதி போட்டிருக்கிறார்கள். ஊரில் இல்லாத பண்ணையார் கூடாது என்பது கொள்கை. அதாவது ஜகார்த்தாவில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பினாமியே சட்டப்படி தகுதி இல்லாதவன். கம்பெனி தொடங்கலாமே என்று கேட்டேன். தொடங்கலாம். ஆனால் வெளிநாட்டு முதல் போட்ட கம்பெனி என்றால் நிலம், கட்டடம் நீங்கலாக ஆயிரம் கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு காட்ட வேண்டும். நம் பணத்தில் ஐந்து கோடிக்கு மேல். முறையான குடியிருப்பு அனுமதி வைத்திருக்கும் வெளிநாட்டவர் வீடு வாங்கலாம், அதுவும் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தும் உரிமையாக மட்டும்: முப்பது வருடம், நீட்டிப்பு இருபது, புதுப்பிப்பு முப்பது. அது வீட்டுக்கு. முட்டைக்கோஸ் வயலுக்கு இல்லை.

அநியாயமாகத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டிலும் வெளிநாட்டுக்காரனுக்கு விவசாய நிலம் வாங்க அனுமதி கிடையாது, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கே கிடையாது. அவ்வளவு ஏன், இந்த மஹாராஷ்டிராவில் விவசாயி அல்லாதவன் வயல் வாங்க முடியாது. நாசிக் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் வாங்க ஆசைப்பட்டு, விவசாயி என்று காட்ட 'சாத்-பாரா' என்ற நிலப் பதிவுக் காகிதம் இல்லை என்று திரும்பி வந்தவன்தான் என் மச்சினன். நாசிக்கில் முடியாதது சுமத்ராவில் முடியும் என்று அவனை நம்ப வைத்ததுதான் அந்த டை கட்டிய தம்பியின் கெட்டிக்காரத்தனம்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஊரில் ஒரு நிலம் கைமாறுவது என்றால் அது நம் பக்கத்தில் பங்காளி, சம்பந்தி எல்லாரும் கூடி உட்காருகிற விஷயம் மாதிரி. கரோக்களிடம் ஐந்து பெருங்குலங்கள். முதல் தடவை பார்க்கிற ஆளிடம் பேர் கேட்பதற்கு முன்னால் குலம் என்ன, தாய் வழிக் குலம் என்ன என்று கேட்டு முறை கண்டுபிடித்துவிடுகிறார்கள். பெண் கொடுத்த வீட்டாருக்குத்தான் முதல் மரியாதை, அவர்களைக் கண்ணுக்குத் தெரிகிற தெய்வம் என்கிறார்கள். பெண் எடுத்த வீட்டார் விசேஷத்தில் அடுப்படியில் நின்று வேலை செய்ய வேண்டும். முக்கிய முடிவு என்றால் இந்த இரண்டு வீட்டாரும் சொந்தக் குலத்தாருமாக மூன்று தரப்பும் பாயில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அம்மாவின் கூடப்பிறந்தவரை அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? 'மாமா'. அவர் பெண்டாட்டி 'மாமி'. மாமா மகளைக் கட்டுவதுதான் பழைய முறைப்படி உசிதம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரி, "நம்ம ஊர்ல பாதிப் பேர் விட்டதை இவங்க பிடிச்சு வச்சிருக்காங்களே" என்றாள்.

தாத்தா என் குலம் கேட்டார். எனக்கு என்ன சொல்லத் தெரியும்? என் முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "செம்பிரிங்" என்று அவரே வைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். 'கறுப்பன்' என்று அர்த்தமாம். ஆனால் அது கேலி மட்டும் இல்லை. அந்தச் செம்பிரிங் குலத்தின் உட்பிரிவுகளின் பேரைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பெரஹ்மானா. தென்னிந்திய வணிகர்கள் மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகத்தில் இருந்து மலைக்கு வந்து கலந்த அடையாளம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பாருஸ் பக்கம் லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவைப் பேசுகிறது. கரோக்களுடைய பழைய மாதக் கணக்கில் நாள் பேர்கள்கூட அதித்யா, சுமா, ங்கரா, புதஹா, பெரஸ்பதி என்று போகும். நம் ஞாயிறு முதல் வியாழன் வரைதான். எனக்கு மயிர் சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனால் இந்த உறவைக் காட்டித்தான் மாட்டுங்கா மேடையில் வலை விரித்தார்கள். பாண்டியா என்று பேர் வைத்திருப்பவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். அதற்காக அவர் வயலில் நமக்குப் பங்கு வந்துவிடாது.

பங்கு என்றதும் இன்னொன்று. கரோ வழக்கப்படி முன்பு மகன்களுக்குத்தான் நிலம். 1961-இல் இந்தோனேசிய உச்ச நீதிமன்றம் ஒரு கரோ குடும்பத்து வழக்கில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. நம் தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் 1989-இல், நாடு முழுவதற்கும் 2005-இல். ஆகவே ஒரு அண்ணன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பினால், கையெழுத்துப் போடாத தங்கச்சிகள் நாளைக்கு வந்து கேட்பார்கள். திருநெல்வேலியில் இதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தெரியாதா என்ன?

எரிமலையைப் பற்றி ஆரம்பத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். 2013 செப்டம்பரில் சினாபுங் மறுபடி வெடித்து வருடக்கணக்கில் ஓயவில்லை. 2014 பிப்ரவரி 1-ஆம் தேதி கொதிக்கும் சாம்பல் மேகம் இறங்கிப் பதினைந்து பேருக்கு மேல் செத்தார்கள். மலையடிவாரத்தில் இருந்த பெக்கெரா, சிமாசெம், சுகாமெரியா என்ற மூன்று கிராமங்களையே எடுத்து, சியோசாரில் பைன் காட்டை வெட்டிப் புது வீடு கட்டிக் குடியேற்றினார்கள். சாம்பல் விழுந்த மறுநாள் மிளகாய்ச் செடியை இலை இலையாகக் கழுவ வேண்டுமாம், இல்லாவிட்டால் கருகிவிடும். அதே சாம்பல்தான் நாளாவட்டத்தில் மண்ணுக்கு உரம். தாத்தா அதைச் சொல்லும்போது குரலில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. நம் ஊரில் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். அந்த மலையைத்தான் நோட்டீஸில் வெள்ளை மேகத்தோடு போட்டு, 'மன அமைதி' என்று எழுதியிருக்கிறார்கள்.

அதனால் அங்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். மேடானில் 1884-இல் கட்டின மாரியம்மன் கோயில் இருக்கிறது, தமிழர்கள் புகையிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன காலத்தது. மலையில் லிங்கா, டோக்கான் கிராமங்களில் ஆணி அடிக்காமல் கட்டி, பனைநார் வேய்ந்து, எட்டுக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த பழைய வீடுகள் இருக்கின்றன. இரண்டு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. கோலிவாடா சாளில், ஒட்டி ஒட்டி இருக்கிற ஒற்றை அறை வீடுகளில், வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை, ஆனால் சண்டை வராமல் எப்படிச் சமாளித்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை. சாயந்திரமானால் ஆண்கள் எல்லாம் காப்பிக் கடையில் சதுரங்கப் பலகையோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைக்கு அவர்கள் சொல்கிற சொல்லே 'கெடே'தான். பதினோரு நாளில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை. அவர்களுக்கும் நம் ஊர்க் கோயில் கொடை மாதிரி வருடத்துக்கு ஒரு ஊர் விழா உண்டு. பட்டணத்துக்குப் போனவன் எல்லாம் அன்றைக்குத் திரும்பி வந்துவிடுவான். அதற்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகப் போகிறேன்.

கடைசியாகப் பணம் கட்டினவர்களுக்கு. உங்கள் பணம் நிஜமாகவே இந்தோனேசியாவுக்குப் போயிருந்தால், நீங்கள் வங்கியில் ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வங்கி மூலமாக அனுப்பலாம், அது ரிசர்வ் வங்கி வைத்திருக்கிற நேர் வழி. மச்சினன் கட்டின நாலு லட்சத்தில் இரண்டு ரொக்கம், இரண்டு இங்கேயே ஒரு தனி ஆள் கணக்குக்கு. அப்படி என்றால் அது மும்பை எல்லையில் இருக்கிற முலுண்டைத் தாண்டிக்கூடப் போகவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தனித்தனியாகப் போனால் காலை முழுக்க பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அறுபத்து மூன்று பேரும், அதற்கு மேல் எண் வாங்கினவர்களும், சேர்ந்து போனால் வேறு மாதிரி இருக்கும்.

இந்தப் புது நோட்டீஸில் அடுத்த கூட்டத்துக்கு இடமும் நேரமும் இருக்கிறது. அதே மண்டபம், மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்தரை மணி. நானும் மச்சினனும் ஒன்பதரைக்கே வாசலில் இருப்போம். ரசீது வைத்திருப்பவர்கள் ஒரு ஜெராக்ஸோடு வாருங்கள். காப்பி உள்ளே குடிக்க வேண்டாம், வெளியே நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாஷி உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவர்,
சயான் கோலிவாடா, மும்பை.